பல் டாக்டருக்கு வாய்த்த நல்ல சாட்சிகள்

சாட்சிகள் அண்ணனைப் புகழப் புகழ, அவருக்காக வாதாடிய வக்கீல் தங்கையின் கையைவிட்டு வழக்கு நழுவிக்கொண்டிருந்தது.

அண்ணன் பல் டாக்டர். அவர் வழக்குப் போட்டிருந்தது எதிரே மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர் மேல். "டாக்டருக்குக் கை நடுங்குது, பார்த்து வாயைத் திறங்க" என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் அளந்துவிட்ட புண்ணியவான். சொன்னது பொய் என்று அவரே ஒப்புக்கொண்டாயிற்று. மிச்சம் ஒரே கேள்விதான்: அந்தப் பேச்சால் டாக்டருக்குத் தீங்கு நேர்ந்ததா? நேர்ந்தது என்று நிரூபித்துவிட்டால், கடைக்காரர் தன் வாசலிலேயே மறுப்பு எழுதி ஒட்ட வேண்டும். இல்லாவிட்டால் வழக்கு தள்ளுபடி. நடுங்காத கை ஊரார் வாயில் ஆயுசுக்கும் நடுங்கிக்கொண்டிருக்கும்.

சாட்சிகளைத் திரட்டியது அண்ணன். வெள்ளை மனசுக்காரர். தன்மேல் உயிரையே வைத்திருப்பவர்களாகப் பார்த்துப் பார்த்து அழைத்து வந்திருந்தார்.

"அந்தப் பேச்சைக் கேட்டீங்களா?" என்று தபால்காரரிடம் கேட்டாள் தங்கை.

"கேட்டேம்மா. இந்தக் காதுல வாங்கி அந்தக் காதுல விட்டேன். மறுநாளே மாமியாரையும் கூட்டிட்டுப் போய்க் காட்டினேன்!"

எதிர்த்தரப்பு வக்கீலின் முகத்தில் விளக்கேற்றியது போலிருந்தது.

அடுத்து ரொட்டிக்கடை அம்மாள். கூண்டில் ஏறியதும் நீதிபதியைப் பார்த்து வாயை ஆவென்று திறந்தாள். "ஐயா, கடைவாயில மூணு. நடுங்குற கை இப்படி அடைக்குமா?"

நீதிபதி எட்டிப் பார்த்தார். "நல்ல வேலைதான்" என்றவர் சட்டென்று சுதாரித்து, "அதைப் பதிவு செய்ய வேண்டாம்" என்றார்.

மூன்றாவது, ஓய்வுபெற்ற ரயில் கார்டு. "இந்த அவதூறுக்கு அப்புறம் டாக்டர்மேல மதிப்பு எனக்கு ரெண்டு மடங்காயிடுச்சு!" எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து அவரைக் கட்டிக்கொள்ளாததுதான் குறை. கோர்ட்டே குலுங்கிச் சிரித்தது.

"அண்ணா, ஒரே ஒரு மனுஷன்கூடவா உன்னைத் தப்பா நினைக்கல?" என்று பல்லைக் கடித்தாள் தங்கை.

"எப்படிம்மா நினைப்பாங்க? எல்லாரும் நல்லவங்க."

"நினைச்சாத்தான் ஜெயிப்போம்! மூணு மாசமா உன் நாற்காலி காலியா கிடக்கே, அதுக்கு என்ன சொல்றே?"

"கடவுள் புண்ணியத்துல யாருக்கும் பல்வலி இல்லபோல" என்றார் அண்ணன். உண்மையாகவே அப்படித்தான் நம்பினார்.

"வேறு சாட்சி இல்லையென்றால்..." என்று நீதிபதி பேனாவைத் திறந்தார்.

கடைசி வரிசையில், மடியில் சாப்பாட்டுப் பையோடு உட்கார்ந்திருந்தவர் எழுந்தார். தங்கையின் கணவர்.

"ஐயா, நான் நம்பினேன்."

சிரிப்பு அடங்கியது. அவரைக் கூண்டில் ஏற்றி, எதிர்த்தரப்பு வக்கீல் பாய்ந்தார். "சொந்த மச்சானுக்காகப் பொய் சொல்றீங்க!"

"பொய் சொல்றதா இருந்தா நம்பலைன்னுதானே சொல்லியிருப்பேன்? வீட்டுல நிம்மதியாச் சோறாவது கிடைச்சிருக்கும்." சட்டைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்தார். ரெண்டு மணி நேரப் பயண தூரத்திலிருக்கும் வேறொரு பல் டாக்டரின் மருந்துச் சீட்டு. தேதி, வதந்தி கிளம்பிய மறுவாரம். "என்னோட வேலை பார்க்கிற நாலு பேரையும் அங்கேயே அனுப்பினேன். அவங்க பேரும் தர்றேன்."

தங்கை கணவரை முறைத்தாள். பிறகு அண்ணனைப் பார்த்தாள். காலையிலிருந்து மறையாத சிரிப்பு அந்த முகத்திலிருந்து வடிந்துபோயிருந்தது. நீதிபதியும் பேனாவை வைத்துவிட்டு, அந்த முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலு பேரும் மதியமே வந்து தலையைச் சொறிந்துகொண்டு ஒப்புக்கொண்டார்கள். தீங்கு நிரூபணமாயிற்று என்றார் நீதிபதி. உண்மையைச் சொல்ல வெட்கத்தையும் விழுங்கிக்கொண்டு எழுந்து நிற்பது ஒரு சின்ன தர்மம். அன்று அதுதான் ஜெயித்தது.

தாழ்வாரத்தில் கணவர் கண் கலங்க நின்றார். "மன்னிச்சிருங்க மச்சான்."

அண்ணன் அவர் தாடையைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினார். "வாயைத் திறங்க மாப்ளே." திறந்ததும் உள்ளே உற்றுப் பார்த்தார். அண்ணன் முகத்தில் பழைய சிரிப்பு திரும்பியது. "அடடா, என்ன அழகா அடைச்சிருக்கார்! யாரு இவரு? நாலு பேருக்குச் சொல்லணுமே."

"அண்ணா! இப்பத்தான் கேஸ் முடிஞ்சிருக்கு!" என்று அலறினாள் தங்கை.