வீட்டோடு வரும் பிள்ளை

ராபர்ட்சன்பேட்டை கோர்ட்டின் சமரச அறையில் முதலில் ஜெபம் நடந்தது. யாரும் ஜெபிக்கச் சொல்லவில்லை. சைலஸ் பெரியப்பாவே எழுந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"ஆண்டவரே, ஊரிகத்து வீட்டையும் இந்தப் பிள்ளை டீனாவையும் உமது கரத்தில் ஒப்புக்கொடுக்கிறோம்."

வீடு முதலில் வந்தது. நான் பிறகு. அம்மா எனக்கு நினைவு தெரியும் முன்பே போய்விட்டாள். அப்பாவும் ஈஸ்டருக்குப் பிறகு போனார். எனக்குப் பதினைந்து வயது. வீடு என் பெயரில் இருக்கிறது. என்னை வளர்க்கிறவர்கள் அதில் குடியிருக்கலாம். அதற்காகத்தான் அப்பாவின் அண்ணனும் தங்கையும் என்னைக் கேட்டு வழக்குப் போட்டிருந்தார்கள்.

பெரியப்பா ஆமென் சொன்னதும் ஐடா அத்தை உட்கார்ந்தபடியே தொடங்கினாள்.

"கர்த்தாவே, என் அண்ணன் இன்பராஜ் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எட்டிப் பார்க்காதவர்களின் மனதையும் தொட்டருளும்."

"நீ பாத்தியா? ஆரஞ்சு எடுத்துனு வந்து, நீயே உரிச்சுத் துன்னுட்டுப் போன," என்றார் பெரியப்பா, கண்ணைத் திறக்காமலே.

சமரசம் செய்யும் மேடம் பேனாவைத் திறந்து திறந்து மூடினார். "ஜெபம் முடிஞ்சுதாங்களா?"

அத்தை என் தலையைத் தடவ ஆரம்பித்தாள். வெளியே தின்ற முட்டை பப்ஸின் எண்ணெய் அவள் விரலில் இருந்தது. அது என் முடியில் பிசுபிசுவென்று இறங்கியது. தலையை நகர்த்தினால் கையும் கூடவே வந்தது.

வெகுநேரம் இழுத்த பிறகு பெரியப்பா வழி கண்டுபிடித்தார்.

"ஷிப்ட் போட்டுக்கலாம்மா. ஆறு மாசம் நானு, ஆறு மாசம் அது."

தங்கச் சுரங்கத்துக் குடும்பம். எதையும் ஷிப்ட் போட்டுத்தான் பிரித்துக்கொள்வார்கள், தாத்தாவின் சைக்கிளைக்கூட.

"மொத ஷிப்ட் யாருக்கு?" என்றாள் அத்தை.

"என் புள்ள ஆஸ்டின் கல்யாணம் ஜனவரில. பொண்ணு வந்தா எங்க படுக்கும்? மொத ஷிப்ட் எனக்கு."

மேடம் என்னைத் தனியாக அடுத்த அறைக்கு அழைத்துப் போனார்.

"நீ இன்னாம்மா சொல்ற?"

"வீட்டைப் பூட்டிடலாம் மேடம். எனக்குப் பதினெட்டு ஆவறவரைக்கும் யாரும் உள்ள போவக் கூடாது. அப்ப என்னை யாரு வச்சுக்குவாங்கன்னு கேளுங்க."

அவர் போய் இருவரையும் தனித்தனியாகக் கேட்டார். ஒருவர் சொன்னதை மற்றவரிடம் சொல்லக் கூடாது என்பது அங்கே விதி. ஆனால் அறைகளுக்கு நடுவே வெறும் பிளைவுட்தான் இருந்தது.

"பொம்பளப் புள்ளம்மா," என்றது பெரியப்பாவின் குரல். "அத்தகாரிகிட்ட இருக்கறதுதான் மொற."

பிறகு அத்தை. "அண்ணன்தான் பெரியவரு. அவரு மனசு நோவக் கூடாது. அவரே இட்டுனு போவட்டும்."

மேடம் திரும்பி வந்து என் எதிரே உட்கார்ந்தார்.

"கேட்டுச்சு மேடம். ஸ்கூல் ஹாஸ்டல்னு எழுதுங்க."

வீட்டுச் சாவி கோர்ட்டில், நான் ஹாஸ்டலில் என்று எழுதினார். இருவரும் படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார்கள்.

"உனக்காகத்தான் விட்டுக்குடுத்தேன் ஐடா."

"நான் மட்டும் இன்னாண்ணே, உனக்காகத்தான்."

இருவர் கண்ணிலும் நீர் இருந்தது. கட்டிக்கொண்டார்கள். இதைவிட என்னை அவர்கள் அடித்திருக்கலாம்.

"லீவுக்கு வந்துடுடி," என்றாள் அத்தை, மூக்கைத் துடைத்துக்கொண்டே.

"எங்க அத்தை?"

அத்தை பெரியப்பாவைப் பார்த்தாள்.

"அத்தைகிட்ட போம்மா," என்றார் அவர்.

"அண்ணன் வூடுதான் பெருசு," என்றாள் அவள்.