பம்பை விட்டு நகராதவர்

தீயணைப்பு வண்டி ஓட்டும் சவரிராயனுக்கு ஒரு பழக்கம். யார் வீட்டுக்கு விருந்துக்குப் போனாலும் நேரே அடுப்படிக்குப் போய் கேஸ் குழாயைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் இலையில் உட்காருவார்.

"அண்ணே, உங்க வீட்ல கொழம்பு தாளிக்க அண்ணி மனு போடணுமா?" என்று ஸ்டேஷனில் செல்வகுமார் சீண்டுவான்.

"சிரிடா, சிரி. எரிஞ்ச வீட்ட எத்தினி பாத்திருக்கேன் நானு."

மகள் லினெட்டைக் கட்டிக்கொடுத்தது நெல்லித்தோப்பில். கீழே மெத்தைக் கடை, மேலே அவள் குடித்தனம். பால் காய்ச்சிய அன்றே மகளை நிறுத்திவைத்துப் பாடம் நடத்திவிட்டார்.

"தீன்னு வந்தா பயந்து மாடியிலேர்ந்து குதிச்சிடாத. இடுப்பு ஒடிஞ்சவங்கள நான் தூக்கியிருக்கேன். ஈரத்துணிய மூக்குல கட்டிக்கினு ஜன்னலோரம் குந்து. வண்டி வந்துடும்."

"ஏம்ப்பா, நான் குடித்தனம் பண்ண வந்தேனா, உன் வேலைக்கு சேர வந்தேனா?"

சிரித்தாலும் கேட்டுக்கொண்டாள். அப்பா பேச்சை அவள் எப்போது தட்டினாள்?

அது ஆடி வெள்ளி. பகலில் ஸ்டேஷன் மணி அடித்தது. நெல்லித்தோப்பில் மெத்தைக் கடை என்றார்கள். சவரிராயன் பாய்ந்து வண்டியில் ஏறினார். வண்டி பறந்த பறப்பிலேயே செல்வகுமாருக்கு விளங்கிவிட்டது.

தெரு முனையோடு வண்டி நின்றுபோனது. கூழ் ஊற்றுவதற்காகத் தெருவை அடைத்துப் பந்தல் போட்டிருந்தார்கள். சனம் பந்தக்காலைப் பிடுங்கத்தான் செய்தது. ஆனால் பஞ்சில் பிடித்த தீ அதுவரை காத்திருக்குமா? ஹோஸை ஒன்றோடொன்று பூட்டி இழுத்துக்கொண்டு ஆட்கள் ஓடினார்கள்.

சவரிராயனால் ஓட முடியாது. வண்டி ஓட்டுகிறவர்தான் பம்பையும் பார்க்க வேண்டும். அவர் கையை எடுத்தால், உள்ளே நெருப்புக்கு நடுவில் நிற்கிறவனுக்குத் தண்ணீர் போகாது.

"செல்வா, மாடியில எம் பொண்ணுடா."

"தெரியும்ணே. நீங்க தண்ணிய மட்டும் வுட்டுடாதீங்க!"

பந்தலுக்கு மேலே கரும்புகை மட்டும்தான் அவருக்குத் தெரிந்தது. கால் ஒன்று தெருப்பக்கம் தானாகத் திரும்பிக்கொண்டது. கை திரும்பவில்லை.

அப்போது பக்கத்து வீட்டு மணியம்மாள் மார்பில் அடித்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"எங்க மாடியிலேர்ந்து கைய நீட்டினேனே, சவரி! ரெண்டு முழந்தான்டி, தாண்டி வந்துடு, நான் புடிச்சிக்கிறேன்னு கத்தினேனே! 'வேணாம் அத்தே, அப்பா குதிக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு, அந்தா வண்டி சத்தம் கேக்குது'ன்னு குந்திட்டாளே!"

பம்பின் அழுத்தம் காட்டும் முள் நடுங்கியது. சவரிராயன் அதைச் சரியாக்கினார். வேறென்ன செய்வார், பாவம்.

செல்வகுமார் அவளைத் தூக்கிக்கொண்டு வந்தான். உடம்பில் ஒரு தீக்காயம் இல்லை. புகைதான் கொண்டுபோயிருந்தது. மூக்கில் கட்டிய துண்டின் ஈரம்கூடக் காயவில்லை. வண்டி ஓரமாக, அப்பா காலடியில் கிடத்தினான்.

"அண்ணே..." என்றான். தீ அடுத்த கூரைக்குத் தாவியிருந்தது. உள்ளே இன்னும் இரண்டு ஆட்கள் ஹோஸோடு நின்றார்கள். திரும்பி ஓடிவிட்டான்.

சவரிராயன் குனியவில்லை. குனிந்து பார்த்தால் கை விட்டுப்போகும் என்று அவருக்குத் தெரியும். மகளின் தலைமுடி அவர் பூட்ஸைத் தொட்டுக்கொண்டிருந்தது. அவர் புகையையே பார்த்துக்கொண்டு நின்றார். கறுப்பு வெளுத்து, வெளுத்தது மெலிந்து, கடைசியில் தெருவுக்குள்ளிருந்து போதும் என்று கை காட்டினார்கள்.

பம்பை நிறுத்தினார். அதற்கப்புறம்தான் உட்கார்ந்தார். மகள் மூக்கிலும் உதட்டிலும் கரி அப்பியிருந்தது. சட்டைக் கையால் துடைத்தார். போகவில்லை. வண்டியின் குழாயைத் திறந்தார். தொட்டியில் ஒரு சொட்டு மிச்சமில்லை.

"அக்கா" என்று மணியம்மாளை நிமிர்ந்து பார்த்தார். "ஒரு சொம்பு தண்ணி குடேன். புள்ளைக்கி மூஞ்சி கழுவணும்."