பெருவிரல் நாடி

எனக்கு முன்கோபம் உண்டு. எண்ணிப் பார்க்காத எதையும் நம்பாத குணமும் உண்டு. பதினேழு வருஷமாக ஆஸ்பத்திரியில் டிரெசர் வேலை, டாக்டருக்குக் கையாள். நாடி எவ்வளவு, காய்ச்சல் எவ்வளவு என்று பார்த்து எழுதுகிற கை. இந்தக் கை ஒரு பொய் எண்ணை எழுதியதில்லை என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தேன். தன் பெருமையைத் தானே பேசக்கூடாதாம். வேறு யாரும் பேசவில்லையே, நான் என்ன செய்வது?

மலாக்கா நகரத்தில் காஜா பேராங் என்ற இடத்தில் அப்பாசாமியின் வீட்டில் ஓர் அறையில் குடியிருந்தேன். அவன் மலாக்காச் செட்டி, பல தலைமுறைக்கு முன் இங்கே குடியேறிய தமிழ் வியாபாரிகளின் வம்சம்; தச்சுவேலை செய்பவன். அந்த ஜனங்கள் கும்பிடுவது மாரியம்மனை, உடுத்துவது சாரோங், பேசுவது மலாய். அந்த மலாயில் நாலு தமிழ்ச் சொல் மிதக்கும். அவர்கள் பேசியதை நான் தமிழிலேயே எழுதிவிடுகிறேன். ஒரே ஒரு வாக்கியத்தை மட்டும் அப்படியே எழுதியாக வேண்டும். அது பின்னால் வரும்.

வருஷா வருஷம் அம்மன் திருவிழாவில் அப்பாசாமிக்குச் சாமி வரும். வருஷா வருஷம் நான் கிண்டல் செய்வேன். "உன் விலாசம் சாமிக்கு எப்படிப்பா தெரிஞ்சது?" என்பேன். அவன் கோபித்துக்கொண்டதே இல்லை. சிரித்தபடி ரம்பத்தை இழுத்துக்கொண்டிருப்பான்.

ஜப்பான்காரன் ஆட்சியில் வந்த இரண்டாவது திருவிழா அது. ஆஸ்பத்திரிக்கு மிசாவா என்று ஒரு ராணுவ டாக்டர் வந்திருந்தார். கதவைச் சாத்திவிட்டால் என்னிடம் இங்கிலீஷில் பேசுவார். நான் அப்பாசாமியைப் பற்றிக் கேலியாகச் சொன்னதைக் கேட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"கணக்குக்கு ஓர் அறிவு இருக்கிறது, பாட்டுக்கு ஓர் அறிவு இருக்கிறது. தெய்வத்தை உணரவும் அப்படித் தனியாக ஓர் அறிவு உண்டா? உண்டென்றால் உடம்பில் அதற்கு அடையாளம் இருக்க வேண்டும். போய் அளந்து வா."

"ஒன்றும் இருக்காது சார். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்" என்றேன்.

"அளப்பதற்கு முன்னால் எழுதி வைக்கிறவன் பூசாரி" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் பல வருஷத்து ஆசை நிறைவேறப் போகிற குஷியில் வீட்டுக்கு வந்தேன். வீட்டில் இழவு விழுந்த மாதிரி இருந்தது. சயாம் ரயில் பாதை வேலைக்கு ஆள் பிடிக்கிற பட்டியலில் அப்பாசாமியின் பெயர் வந்துவிட்டது. திருவிழா அன்று பகல் பன்னிரண்டு மணிக்கு லாரி வரும். சயாமுக்குப் போனவர்களில் ஒருவர்கூட அதுவரை திரும்பி வரவில்லை.

அவன் மனைவி சந்திரமதி என் அறை வாசலில் வந்து நின்றாள்.

"டிரெசர், ஒரு வரி போதும். ஏதாச்சும் நோவுன்னு எழுதிக் குடுங்க. உங்க கையெழுத்துன்னா நம்புவாங்க."

"பொய் எழுதச் சொல்றியா? வந்து சோதிச்சுப் பார்த்தான்னா என் தலையும் போகும், அவன் தலையும் போகும்!" என்று கத்தினேன்.

சொன்னது நிஜம்தான். ஆனால் அந்தக் கத்தலில் பத்தணா பயம், ஆறணா கர்வம். அவள் போய்விட்டாள். அன்று சாயங்காலம் என் பங்கு மரவள்ளிக்கிழங்கு கதவோரம் தரையில் இருந்தது. அதில் உப்பில்லை.

திருவிழா அன்று காலை வீட்டுக்கு வீடு வேப்பிலை கட்டியிருந்தார்கள். அப்பாசாமி உடம்பெங்கும் மஞ்சள் பூசி, முகத்திலும் மார்பிலும் கைகளிலும் குங்குமப் பொட்டுகள் வைத்துக்கொண்டு நின்றான். "லாரி வர்ற வரைக்கும் நான் அம்மாவோட ஆளு. அப்புறம்தான் ஜப்பான்காரன் ஆளு" என்றான். நாடி பார்த்தேன், எண்பத்தெட்டு. மேளம் தொடங்கியதும் நூற்றிருபது. சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதினேன்.

அப்போது அவனுக்குச் சாமி வந்தது. கண் மேலே செருகி, உடம்பு உதறி, தரையில் கால் பாவாமல் குதித்தான். இரண்டு பேரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி மூன்று விரல் வைத்து மணிக்கட்டைப் பிடித்தேன். அறுபத்துநாலு. கடிகாரம் நின்றுவிட்டதோ என்று காதில் வைத்துப் பார்த்தேன். மறுபடி எண்ணினேன். அதே அறுபத்துநாலு! மாடிப்படி ஏறினாலே நமக்குத் தொண்ணூறு தாண்டும். அக்குளில் வைத்த தெர்மாமீட்டர் நூற்றொன்று காட்டியது.

மூன்றாம் முறை எண்ணுவதற்காக அவன் கையைப் பிடித்தபோது லாரிச் சத்தம் கேட்டது. இரண்டு மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டார்கள். என் கண் கடிகாரத்தைவிட்டு நகரவில்லை. எண்ணினேன், நூற்று நாற்பது. எழுதினேன்.

ஓர் அதிகாரி, இரண்டு சிப்பாய்கள், மலாய் தெரிந்த ஒரு மொழிபெயர்ப்பாளன். எல்லாரும் வெளியூர். முன்னால் நின்றவள் சந்திரமதி.

"எல்லா வாசல்லயும் எதுக்கு இலை?" என்று மொழிபெயர்ப்பாளன் மலாயில் கேட்டான்.

வருஷா வருஷம் கேட்கிறவர்களுக்குச் சொல்வதையே அவள் சொன்னாள்.

"டத்தோ சாச்சார் சூடா டாத்தாங், துவான்."

செட்டிகள் மாரியம்மனை டத்தோ சாச்சார் என்பார்கள். 'அம்மன் வந்துவிட்டாள், ஐயா' என்பதுதான் அவள் சொன்னது. ஆனால் மலாயில் சாச்சார் என்றால் வைசூரி. நம்மிடமும் என்ன வாழ்கிறது? சாமி வந்தாலும் 'அம்மா வந்திருக்கா', அம்மை போட்டாலும் 'அம்மா வந்திருக்கா'. இரண்டுக்கும் அதே வேப்பிலை.

மொழிபெயர்ப்பாளனுக்கு ஒரே அர்த்தம்தான் கேட்டது. "யாருக்கு?" என்றான்.

"என் வீட்டுக்காரருக்கு. இதோ."

மஞ்சள் உடம்பு, முகம் கொள்ளாமல் சிவப்புப் பொட்டுகள், செருகிய கண், உதறல். மொழிபெயர்ப்பாளன் ஜப்பானிய மொழியில் என்னவோ அலறினான். சிப்பாய்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு லாரிப் பக்கம் ஓடினார்கள். அதிகாரி மட்டும் நின்றார். என் கையிலிருந்த ஆஸ்பத்திரிப் பட்டையைப் பார்த்து, "நிஜமா?" என்று மொழிபெயர்ப்பாளனை என்னிடம் கேட்க வைத்தார்.

நோட்டைப் பிரித்து மலாயில் படித்தேன். "காய்ச்சல் நூற்றொன்று. நாடி நூற்று நாற்பது. டத்தோ சாச்சார் வந்திருப்பதாக வீட்டார் சொல்கிறார்கள்."

"பரவுமா?"

ஒரு மூச்சு யோசித்தேன். "ஒருத்தருக்கு வந்தா அங்கேயே இன்னும் ரெண்டு மூணு பேருக்கு வரும், துவான்."

வருஷா வருஷம் அப்படித்தானே வருகிறது? சொல்லி வாய் மூடவில்லை, அப்பாசாமியின் தங்கை கோகிலா தலையை விரித்துப்போட்டுக்கொண்டு ஓவென்று ஆட ஆரம்பித்தாள். லாரி திரும்பக்கூட நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. பின்பக்கமாகவே ஓடிப் போனது.

தான் என்ன சொன்னோம் என்பது அதற்குப் பிறகுதான் சந்திரமதிக்கு உறைத்தது. தரையில் உட்கார்ந்து அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். நானும் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் மிசாவா என் நோட்டைப் படித்தார்.  அதிகாரியின் அறிக்கையும் அவர் மேஜையில் இருந்தது. என்னை எதற்கு அனுப்பினோம் என்பது அவருக்குத் தெரியாதா?

"வந்தது எது?" என்றார்.

"அவர்கள் பேச்சில் இரண்டுக்கும் ஒரே சொல் சார். அந்தச் சொல்லை எழுதினேன்."

அவர் நோட்டைத் தன் பக்கம் திருப்பினார். பிறகு எண்களில் விரல் வைத்தார். "அறுபத்துநாலு, அறுபத்துநாலு, உடனே நூற்று நாற்பது. கடைசி முறை எப்படிப் பிடித்தாய்? காட்டு."

அவர் மணிக்கட்டைப் பிடித்துக் காட்டினேன். காட்டும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. லாரிச் சத்தத்தில் பதறி, மூன்று விரலை விட்டுப் பெருவிரலால் அழுத்தியிருந்தேன். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லித் தருகிற பாடம்: பெருவிரலால் நாடி பார்க்காதே, உன் நாடிதான் அதில் கேட்கும்.

"ஆக, அந்த நூற்று நாற்பது உன்னுடையது. லாரி வந்தபோது அவனுக்கு எவ்வளவு என்று நமக்குத் தெரியாது. ஆராய்ச்சி கெட்டது. அளக்கப்போனவனும் நடுங்கிவிட்டான்" என்றார். அதட்டினாரா, சிரித்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒரு தாளை எடுத்து, காஜா பேராங் செட்டித் தெருவை இருபத்தோரு நாள் மூடிவைக்க உத்தரவு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். என் நோட்டைத் தன் இழுப்பறையில் வைத்துப் பூட்டிக்கொண்டார்.

இருபத்தோரு நாளில் அந்தப் பட்டியல் வேறு தெருக்களில் நிரம்பிவிட்டது. வேறு யாரோ ஒருத்தியின் புருஷன் போயிருப்பான். அது எனக்கு உறுத்தாமல் இல்லை. ஆனால் உத்தரவு போட்ட அன்று சாயங்காலம், தெருவை மூடச் சந்தில் கட்டியிருந்த கயிற்றைத் தாண்டி வரும்போது, ரம்பச் சத்தம் கேட்டதே, அப்போது மனசு பஞ்சாகப் பறந்தது.

"டிரெசர், உன் கடிகாரம் என்னதான் சொல்லுச்சு?" என்றான் அப்பாசாமி.

"சாமி வந்தப்ப உனக்கு அறுபத்துநாலு. லாரி வந்தப்ப நூத்துநாப்பது, அது என்னோடது. பதினேழு வருஷத்துல நான் எழுதின முதல் பொய் எண்ணு."

அவன் ரம்பத்தை நிறுத்தி என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"நூத்துநாப்பதா? அப்ப சாமி வந்தது உனக்குத்தான்!"

உள்ளே சந்திரமதி சிரித்தது தெருவரை கேட்டிருக்கும். கிழங்குத் தட்டை அவளே கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். உப்புப் போட்டிருந்தாள்.