லிஃப்ட் ஓடாத ஞாயிறு

என் புருஷன் கர்டின் குளிர்காலம் முழுக்க ஊராரைக் கம்பிவட லிஃப்டில் ஏற்றிப் பனிமலைக்கு அனுப்புகிறவர். எங்களோடு சறுக்குவண்டியில் ஏற அவருக்கு நேரமே கிடைத்ததில்லை. போன ஞாயிறு காற்று பலமாக அடித்ததால் லிஃப்டை நிறுத்திவிட்டார்கள். மூன்று பேரும் வண்டியை இழுத்துக்கொண்டு காட்டுப்பாதையில் ஏறினோம்.

மேலே போனதும் வண்டியில் உட்கார்ந்தோம்: எங்கள் எட்டு வயது மகள் லடினா முன்னால், நான் நடுவில், அவர் பின்னால்.

“வளைவுல குதிகாலை ஊனி பிரேக் போடு, கர்டின்.”

“பத்து வருஷமா மலையிலதான்டி இருக்கேன். எனக்கே சொல்றியா?”

முதல் வளைவிலேயே நாங்கள் இருவரும் பனிக்குள் விழுந்தோம். வண்டி லடினாவோடு போய்விட்டது. வழுக்கி வழுக்கிக் கீழே ஓடினோம்.

அடுத்த திருப்பத்தில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு அவள் நின்றிருந்தாள்.

“எங்க போனீங்க? திரும்பிப் பாத்தா ஆளையே காணோம்!”

“நிறுத்த யாரு கத்துக்குடுத்தா?” அவருக்கு மூச்சு வாங்கியது.

“அம்மாதான்.”

கர்டின் என்னைப் பார்த்தார். தாடியெல்லாம் பனி. திடீரென்று வாய்விட்டுச் சிரித்தார்.

“மறுபடி ஏறுவோம். இந்தத் தடவை நான் நடுவுல, நீ பின்னால.”

இருட்டும்வரை நான்கு முறை ஏறினோம்.