பதினொன்று நாற்பதுக்குத் திரும்பிய பெட்டி

இஸ்திரி உருளையின் வாயில் ஈரப் போர்வையின் ஒரு மூலையை நோட்டக்காவும் மறு மூலையைக் கூட வேலை செய்யும் நெட்டையும் பிடித்து உள்ளே கொடுத்துக்கொண்டிருந்தார்கள். விரல் ஒரு நொடி பிந்தினால் தோல் உரிந்துவிடும். நோட்டக்காவின் இடது காதில் இயர்போன். அதில் அரைமணி நேரமாக ஒரே பாட்டு.

"இன்னும் பாட்டுதானாக்கா?"

"பாட்டு நின்னுடுச்சு. நான் பதினேழாவது ஆளாம். உங்க அழைப்பு எங்களுக்கு ரொம்ப முக்கியம்னு ஒருத்தி சொல்றா."

"என் வீட்டுக்காரர் இதுவரைக்கும் அப்படிச் சொன்னதே இல்ல. அந்த நம்பரக் குடு, நானும் அடிக்கிறேன்."

அது ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைக்கூடம். எந்த மூட்டை வந்தாலும் போனாலும் எண்ணைக் குறித்து, வாங்கியவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். கையெழுத்து விழுந்தால் அந்தக் கணக்கு முடிந்தது. அதற்குப் பிறகு யாரும் வாய் திறக்க முடியாது. அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கையெழுத்து வாங்காத ஒரு மூட்டைக்காக இரண்டு மாதச் சம்பளத்தில் பிடித்தார்கள். அன்றிலிருந்து இடுப்பில் ஒரு குட்டி நோட்டு. பக்கத்து வீட்டுக்காரியிடம் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுத்தாலும் அதில் ஒரு கையெழுத்து. நோட்டக்கா என்ற பேர் அப்படி ஒட்டிக்கொண்டது.

இவ்வளவு பாடும் ஒரு வீட்டுக்காக. அவள் கணவர் பெயிண்டர். எட்டு மாதத்துக்கு முன்னால் சாரம் சரிந்து விழுந்ததில் தொடையில் கம்பி வைத்திருந்தார்கள். குடியிருப்பது நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அறுபத்தெட்டுப் படிகள். எட்டு மாதமாக அவர் ஜன்னல் வழியாகத்தான் தெருவைப் பார்த்தார். அதே கட்டடத்தில் தரைத்தள வீடு காலியானபோது புரோக்கர், "உங்களுக்கு இல்லாம வேற யாருக்கு?" என்றார். மூன்றாம் நாள் குரல் மாறிவிட்டது.

"கம்ப்யூட்டர் ஒத்துக்க மாட்டேங்குதும்மா. உங்க கடன் அறிக்கையில ஒரு செவப்பு இருக்கு. வெள்ளிக்கிழமை வரைக்கும் நிறுத்தி வைக்கிறேன். அதுக்கு மேல என்னால முடியாது."

எதை எப்போது கட்டினாள் என்று காட்டும் அந்த அறிக்கையைக் கடையில் அச்செடுத்தபோது முப்பத்தொரு பக்கம் வந்தது. அன்று சாயங்காலம் கட்டிலில் பரப்பி வைத்து இருவரும் பார்த்தார்கள். குடியிருந்த ஐந்து வீடுகளும் அதில் இருந்தன. மாவு மில்லுக்குப் பின்னால் இருந்த, மழைக்கு ஒழுகும் ஒற்றை அறைகூட கதவு எண்ணோடு இருந்தது. தவணையில் வாங்கிய முதல் போன், தையல் மிஷின், ஃபிரிட்ஜ். ஒவ்வொன்றுக்கும் மாதவாரியாகக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் பச்சை டிக். பதினோரு வருஷம். ஒரு டிக்கூடத் தவறவில்லை.

"ஏங்க, இது எல்லாத்தையும் யாரு உக்காந்து எழுதியிருப்பாங்க?" அவள் குரல் தானாகத் தணிந்திருந்தது. "நான் ஒழுங்காக் கட்டுறேன்னு பெத்தவங்ககூட ஒரு வார்த்தை சொன்னதில்ல. எங்கயோ ஒருத்தர் மாசாமாசம் பாத்துக்கிட்டே இருந்திருக்காரு."

"என்னைப் பத்தி என்ன போட்டிருக்கு?"

"ஒண்ணுமே இல்ல. எல்லாம் என் பேர்லதானே இருக்கு."

"அப்ப இந்த வீட்ல நான் வாடகைக்கு இருக்கிறவன்னு சொல்லு."

இருபத்தொன்பதாம் பக்கத்தில் அந்தச் சிவப்புக் கட்டம் இருந்தது. இன்டர்நெட் கம்பெனி. இணைப்பை ரத்து செய்த கட்டணம் செலுத்தப்படவில்லை.

அவள் அலமாரியில் பழைய நோட்டுகளைக் குடைந்தாள். இரண்டு வருஷத்துக்கு முந்தின நோட்டில், முந்தின வீட்டைக் காலி செய்த அன்று எழுதியது கிடைத்தது. இன்டர்நெட் பெட்டி ஒன்று, வயர் இரண்டு, பெட்டியின் அடியில் இருந்த பதினான்கு இலக்க எண், கம்பெனிக் கடைப் பையனின் கையெழுத்து, கடை முத்திரை. பொருள் திரும்பிவிட்டது, கையெழுத்து விழுந்துவிட்டது. அதோடு முடிந்தது என்றுதான் அவள் இருந்தாள். பெட்டியைக் கொடுத்த பிறகும் போன் போட்டு "வேண்டாம்" என்று தனியாகச் சொல்ல வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாது.

அந்தக் கம்பெனிக்குத்தான் இப்போது போன். "வணக்கம் மேடம்," என்றது காது.

நோட்டக்கா துள்ளினாள். போர்வை பாதி உள்ளே போயிருந்தது.

"நீ போக்கா!" நெட்டை குறுக்கே வந்து கைகளை அகல விரித்து இரண்டு மூலைகளையும் தானே பிடித்துக்கொண்டாள். நோட்டக்கா உலர்த்தி மிஷினுக்குப் பின்னால் ஓடினாள்.

பேரும் பிறந்த தேதியும் கேட்டுக்கொண்ட பெண் கம்ப்யூட்டரைத் தட்டும் சத்தம் கேட்டது.

"மேடம், உங்க பாக்ஸ் எங்ககிட்ட வந்திருக்கே. மூணாம் தேதி, காலையில பதினொண்ணு நாப்பதுக்கு. வயர் ரெண்டு."

நோட்டக்கா சுவரில் சாய்ந்துவிட்டாள். அவள் நோட்டில்கூட மணி இல்லை.

"வயர் ரெண்டுன்னு கூடவா இருக்கு?"

"எல்லாமே இருக்கும் மேடம். ஆனா நீங்க கனெக்ஷன் வேண்டாம்னு சொன்னதா பதிவு இல்ல. மூணு மாசம் பில் கட்டலைன்னு நாங்களே ரத்து பண்ணியிருக்கோம். அதுக்கான கட்டணம் அது. லெட்டர் மூணு போட்டிருக்கோம்."

"எந்த வீட்டுக்கும்மா?"

பெண் பழைய முகவரியைப் படித்தாள்.

"வேணும்னா பெட்டியை எதுக்கும்மா கொண்டாந்து குடுக்கப்போறேன்? சரி, இப்ப நான் இருக்கிற அட்ரஸ் உங்களுக்குத் தெரியாதா?"

தட்டும் சத்தம். "தெரியும் மேடம். உங்க மொபைல் எங்க கம்பெனிதான். நாலாவது மாடி, கதவு எண் பதினாறு."

"தெரிஞ்சுமா அங்க போட்டீங்க?"

"அது வேற டிபார்ட்மெண்ட் மேடம்."

"நான் அந்தக் காசை இப்பவே கட்டிடறேன். அந்தச் செவப்பை எடுத்திடுவீங்களா?"

"கட்டினா, கட்டியாச்சுன்னு பக்கத்துல வரும். கட்டம் ஆறு வருஷம் இருக்கும்." அந்தப் பெண்ணின் குரல் கொஞ்சம் இறங்கியது. "அக்கா, காசு கட்டாதீங்க. தப்புன்னு எழுதிக் குடுங்க. அந்த நோட்டை போட்டோ எடுத்துச் சேருங்க. இருபத்தெட்டு நாள் ஆகும்."

"வெள்ளிக்கிழமைக்குள்ள ஆகாதா?"

"உங்க அழைப்புக்கு நன்றி மேடம்."

அவள் திரும்பி வந்தபோது நெட்டை வேர்வையில் நனைந்து, சிலுவையில் அறையப்பட்டவள்போலக் கைகளை விரித்தபடி இன்னொரு போர்வையைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் காலடியில் தனியாளாகத் தேய்த்த போர்வைகள் ஒன்பது.

"எடுத்திடுவாங்களாமா?"

"நான் எத்தனை மணிக்குக் கடைக்குப் போனேன்னு சொல்றா நெட்டை. ஆத்தாடி, எல்லாம் தெரிஞ்சிருக்கு."

நோட்டின் போட்டோவோடு அன்றே எழுதிக் கொடுத்தாள். வெள்ளிக்கிழமை போனது. இருபத்தேழாம் நாள் கடிதம், இந்த முறை சரியான முகவரிக்கு வந்தது. பதிவு தவறுதலாக இடப்பட்டது, நீக்கப்பட்டுவிட்டது. இரண்டே வரி. நோட்டக்கா மறுபடி அச்செடுத்தாள். இருபத்தொன்பதாம் பக்கத்தை, போர்வையில் கறை பார்ப்பதுபோல, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். திருப்பியும் பார்த்தாள். ஒரு நிழல்கூட இல்லை. இருபது வருஷத்தில் எந்தத் துணியும் அவள் கையில் இப்படி வெளுத்ததில்லை.

மறுநாள் காலையில் பெயிண்டரின் காலை எக்ஸ்ரே எடுக்க வரச் சொல்லியிருந்தார்கள். அவர் உட்கார்ந்தபடியே படியிறங்கினார். நோட்டக்கா ஒரு படி கீழே நின்று கட்டுப்போட்ட காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். வழியில் புரோக்கரிடம் காட்ட அறிக்கையை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு அக்குளில் இடுக்கியிருந்தாள். அப்போதுதான் யாரோ படிக்கட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள்.

"ஈரம்டீ. ஏதாவது இருந்தா போடேன்."

அவள் சுற்றும்முற்றும் பார்த்தாள். பிறகு அறிக்கையைப் படியில் வைத்தாள். அவர் அதன்மேல் இறங்கி உட்கார்ந்தார். அவர் கையை ஊன்றி எழும்பியபோது அவள் அதை உருவி அடுத்த படியில் வைத்தாள்.

"இது நனையாதா?"

"பதினோரு வருஷ டிக்கு. நனையாது. மெதுவா வாங்க."

அறுபத்தெட்டாவது படியில் அவர் எழுந்து நிற்க ஏதாவது பிடிமானம் தேடினார். கைக்கு எட்டியது தரைத்தள வீட்டின் கதவு நிலைதான். அதில் புதுப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். வாசலில் புதிதாகக் குடிவந்தவர்களின் மூன்று ஜோடிச் செருப்புகள். பெயிண்டர் நிலையைப் பிடித்து நின்று, மூச்சு வாங்கியபடி, தூரிகை விட்டுப்போன ஓர் இடத்தைக் கட்டைவிரலால் தடவினார். நோட்டக்கா குனிந்து, உறையில் ஒட்டியிருந்த ஈரத்தை முந்தானையால் துடைத்தாள்.