மறைவுத் திகதி இல்லாத அஞ்சலி

1

இந்தக் கதையின் நடுவில் ஒரு கண்ணீர் அஞ்சலி இருக்கிறது. அஞ்சலியை எழுதியவளும் நான்தான். கொக்குவிலில் தமிழ் படிப்பித்து ஓய்வு பெற்றவள், இடைக்கிடை சிறுகதை எழுதுகிறவள் என்பதால், ஊரில் யார் செத்தாலும் வாசகம் எழுதித் தரச்சொல்லி என் படலையைத்தான் தட்டுவார்கள். என் கதைகளைவிட என் அஞ்சலிகளுக்குத்தான் வாசகர் அதிகம். அதில் எனக்குக் கோபம் உண்டு.

ஆனால் இந்த அஞ்சலி உயிரோடு இருக்கிற ஒருத்திக்கு எழுதியது. கதையை முதலில் இப்படித் தொடங்கினேன்:

"றெஜினா செத்த அன்று விடியவே மழை பிடித்துக்கொண்டது. வாய்க்காலுக்கு வெளியே அவளுடைய சைக்கிளின் முன்சில்லு மட்டும் தெரிய—"

[நிறுத்திவிட்டேன். மழை பெய்தது உண்மை. முன்சில்லு தெரிந்ததும் உண்மை. செத்தது பொய். தொடக்கம் நன்றாகத்தான் இருக்கிறது, அதனாலேயே அதன்மேல் எனக்குச் சந்தேகம்.]

2

நடந்தது இதுதான். றெஜினா குருநகரில் பிறந்து கொக்குவிலில் வாழ்க்கைப்பட்டவள். மணப்பெண் அலங்காரம் அவள் தொழில். அலங்காரப் பெட்டியைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வட்டுக்கோட்டை வரைக்கும் கலியாண வீடுகளுக்குப் போவாள்.

மருதனார்மடத்துக்குப் போகிற குறுக்கு வீதி ஒன்றுக்கு அண்மையில் காப்பெற் போட்டார்கள். (பெயர் வேண்டாம். அப்படிப்பட்ட வீதி உங்கள் ஊரிலும் இருக்கும்.) பழைய தாருக்கு மேல் புதிய தார் ஏறியதில் வீதி உயர்ந்துவிட்டது. விளிம்பில் கால் வைக்க இடமில்லை, இறங்கினால் மூடியில்லாத வெள்ளவாய்க்கால். பின்னால் வருகிற வான்காரன் கோர்ன் அடித்தால் "இறங்கு" என்று அர்த்தம். எங்கே இறங்குவது என்று அவன் சொல்லமாட்டான்.

போன மாரியில் றெஜினா வாய்க்காலுக்குள் இறங்கினாள். மணிக்கட்டு முறிந்தது. பவுடரும் பொட்டும் வெள்ளத்தோடு போயின. அவளுக்கு ஒரே ஒரு மகள், றொசாந்தி. அடுத்த பள்ளிக்கூடத் தவணை தொடங்கினால் அதே வீதியால் மருதனார்மடத்துக்கு ரியூசனுக்குச் சைக்கிளில் போகவேண்டும், வேறு வழி கிடையாது. றெஜினாவுக்கு அந்த ஒரு பயம்தான். இந்தக் கதைக்கும் அந்த ஒரு பயம்தான்.

அப்போதுதான் நாங்கள் ஐந்தாறு பேர் சேர்ந்தோம்.* வங்கியில் வேலை செய்யும் வாகீசன் முன்னுக்கு நின்றான். கேட்டது பெரிய விசயம் ஒன்றுமில்லை. வாய்க்காலுக்குக் கொங்கிறீற் மூடி போடவேண்டும், மூடி வீதியோடு மட்டமாக இருக்கவேண்டும், அதன்மேல் சைக்கிள் போக ஒரு கோடு கீறவேண்டும்.

* குழுவுக்கு "மிதிவண்டிப் பயணிகள் உரிமைக் கூட்டமைப்பு" என்று பெயர் வைக்கலாம் என்றான் வாகீசன். அதைச் சொல்லி முடிக்கிறதுக்குள் பஸ் அடித்துவிடும் என்றேன். ஆகவே குழுவுக்குப் பெயரில்லை.

3

வீதி வேலைகளைப் பார்க்கிற அரசாங்கக் கந்தோருக்கு நடையாய் நடந்தோம். அதிகாரி நல்ல மனிதர், தேத்தண்ணி தந்தார். இவரைக் கொடியவராக எழுதினால் கதை எனக்குச் சுகம். ஆனால் அவர் அப்படியில்லை.

"தம்பி, உந்த இடத்திலை இதுவரைக்கும் ஒரு உயிரிழப்பும் பதிவாகேல்லை. உயிர் போன இடங்களே வரிசையிலை நிக்குது. அதுக்குப் பிறகுதான் உங்கடை."

"அப்ப ஆரும் சாகுமட்டும் பாத்துக்கொண்டிருக்கவோ, சேர்?" என்றான் வாகீசன்.

"நான் அப்பிடிச் சொல்லேல்லை. நடைமுறை அப்பிடி."

திரும்பி வரும்போது எனக்கு வெட்கமாக இருந்தது. வீட்டு மேசையில் கிடந்த என் கதையும் அதே நடைமுறையில்தான் இருந்தது. ஒரு சாவு விழாமல் அடுத்த பக்கத்துக்கு அசையமாட்டேன் என்று நின்றது.

[இந்த இடத்தில் றெஜினாவை இரண்டாம் முறை விழுத்தி எழுதினேன். வெட்டினேன். பிறகு றொசாந்தியை— இல்லை. பேனையை வைத்துவிட்டுப் போய் முகம் கழுவினேன்.]

4

சாவுதான் வேண்டுமென்றால் சாவையே குடுப்போம் என்று சொன்னவள் நான். எங்கள் சந்திகளில் தொங்குகிற எதையும் சனம் கவனிக்காது. கண்ணீர் அஞ்சலியை மட்டும் சைக்கிளை நிறுத்தி, காலை ஊன்றி, கடைசி வரி வரைக்கும் வாசிக்கும். ஆகவே ஒன்று எழுதினேன்:

"கண்ணீர் அஞ்சலி. அமரர் வீதியோரம். மருதனார்மடத்து வழியைப் பிறப்பிடமாகவும், வெள்ளவாய்க்காலை வதிவிடமாகவும் கொண்ட, சைக்கிள்களின் பாசமிகு தாயும் பாதசாரிகளின் அன்புச் சகோதரியுமான வீதியோரம், காப்பெற் போட்ட அன்று அகால மரணமடைந்தார். உற்றார், உறவினர் அனைவரும் இவ்வறிவித்தலை ஏற்று மெதுவாக ஓட்டவும்."

அதைப் பதாகையில் அடித்து அந்த வீதியில் கட்டிய அன்றே ஒரு பெரியவர் சைக்கிளால் இறங்கி வாகீசனிடம் கேட்டார்: "வீதியோரம் எண்டது ஆர், தம்பி? எங்கடை பக்கத்து ஆளோ? பிரேதம் எப்ப எடுக்கினம்?"

விளங்கப்படுத்தியதும் விழுந்து விழுந்து சிரித்தார். ஊரே சிரித்தது. போனில் படம் எடுத்து அனுப்பிச் சிரித்தார்கள். அதிகாரியும் சிரித்தாராம். சிரித்து முடித்துவிட்டு வான்காரர் முந்தின வேகத்திலேயே ஓடினார்கள். நான் எழுதியவற்றில் அதிகம் பேர் வாசித்தது இதுதான், ஒரு பிரயோசனமும் இல்லாமல் போனதும் இதுதான்.

5

றெஜினா அதன்முன் கனநேரம் நின்றாள். அவள் சிரிக்கவில்லை.

"உதிலை ஒரு முகம் இல்லை, ரீச்சர். முகம் இல்லாட்டி ஆர் பயப்பிடுவினம்? என்ரை படத்தைப் போடுங்கோ."

"றெஜினா, விசர்க்கதை கதையாதையும். அஞ்சலியிலை முகம் வந்த ஆளைப் பிறகு ஆர் கலியாணப் பொம்பிளை வெளிக்கிடுத்தக் கூப்பிடுவினம்?"

"தெரியும் ரீச்சர். கலியாண வீடு குறைஞ்சால் சமாளிப்பன். பிள்ளை குறைஞ்சால் நான் என்ன செய்ய?"

பனர் அடிக்கிற கடை ஜஸ்ரினுடையது. படத்தையும் றெஜினாவையும் மாறி மாறிப் பார்த்தான். "உயிரோடை முன்னாலை நிக்கிற ஆளுக்கு நான் அடிக்கமாட்டன், அக்கா. பாவம் பிடிக்கும்."

"உனக்கு ஒரு பாவமும் பிடியாது. அந்தோனியாரிட்டை நான் சொல்லிப்போட்டன். அடையாள அட்டைப் படத்தைப் போடாதை, அதிலை நான் உண்மையாச் செத்த மாதிரி இருக்கிறன். மச்சாளின்ரை கலியாணத்திலை எடுத்தது போடு."

கடைசியில் சம்மதித்தான், ஒரு நிபந்தனையோடு. "மறைவுத் திகதி மட்டும் அடிக்கமாட்டன், அக்கா. அதைக் கடவுள் பாக்கட்டும்."

"கந்தோர் பாக்கட்டும்," என்றாள் றெஜினா.

6

புதிய பதாகை அதே இடத்தில் ஏறியது. பட்டுச்சேலை, தலையில் பூ, வாய் நிறையச் சிரிப்பு. கீழே தோற்றம் என்று அவள் பிறந்த ஆண்டு. மறைவு என்ற சொல்லுக்குப் பக்கத்தில் புள்ளிகள்.

அதோடு விடவில்லை அவள். விடுமுறை வகுப்புகளுக்குப் பிள்ளைகள் போகிற நேரத்துக்கு ஒவ்வொரு காலையும் சைக்கிளோடு போய் அந்தப் பதாகைக்குக் கீழேயே நின்றாள். முழு அலங்காரத்தோடு நின்றாள். வேகமாக வருகிற வான்காரன் மேலே ஒரு முகத்தைக் காண்பான், கீழே அதே முகம் கையசைப்பதைக் காண்பான், கால் தன்பாட்டில் பிறேக்குக்குப் போகும். அந்த இடைவெளியில் பிள்ளைகள் கடந்து போவார்கள்.

இரண்டு கலியாண வீட்டுக்காரர் போன் எடுத்து வேண்டாம் என்றுவிட்டார்கள். ஒரு தாய் நல்ல பண்பாகத்தான் சொன்னாவாம், "குறை நினையாதேங்கோ பிள்ளை, எங்கடை வீட்டிலை முதல் நல்ல காரியம் பாருங்கோ" என்று. என் குசினியில் இருந்து அதைச் சொல்லி அழுதாள் றெஜினா. எனக்கும் அழுகை வந்தது. இறக்கிவிடுவோமா என்று கேட்டேன்.

மூக்கைத் துடைத்தாள். "உங்களுக்கென்ன விசரே?"

[அன்று ஒரு பிழை விட்டேன். மேசையில் கிடந்த இந்தக் கதையின் அப்போதைய பிரதியை அவள் எடுத்து வாசிப்பதைத் தடுக்கவில்லை. கடைசிப் பக்கத்தில் அவள் செத்துப்போயிருந்தாள்.]

"என்னை ஏன் சாக்காட்டினனீங்கள்?"

"கதைக்கு ஒரு கனம் வேணும், றெஜினா. இல்லாட்டிச் சனத்துக்கு மனதிலை நிக்காது."

"கந்தோரும் உதைத்தானே ரீச்சர் சொல்லுது!"

ஒரு வாயாடியை என்னால் சமாளிக்க முடியும். சரியாகச் சொல்கிற வாயாடியைச் சமாளிக்க முடியவில்லை. அந்தப் பக்கத்தைக் கிழித்து அடுப்புக்குள் போட்டேன்.

7

ஆகவே முடிவு இல்லாமல் நிற்கிறேன். கைவசம் இருந்தவை:

(அ) சாவு. அடுப்புக்குள் போய்விட்டது.

(ஆ) "அதிகாரி ரிப்பனை வெட்ட, புதிய பாதையில் றொசாந்தி முதல் ஆளாக—" [எழுத ஆசைதான். ஆனால் நடக்காததை நடந்ததாக எழுதினால் கந்தோரில் இந்தக் கதையையே எடுத்துக் காட்டி "அது முடிஞ்சுதே" என்பார்கள்.]

(இ) இன்றுவரை நடந்தது. அதிகாரி ஒருநாள் வந்தார். பதாகையை அண்ணாந்து பார்த்தார், குனிந்து றெஜினாவைப் பார்த்தார். சிரிக்கவில்லை.

"இதை எப்ப இறக்குவியள்?"

"மூடி போட்ட அண்டைக்கு, சேர்."

அடுத்த கிழமை ஒரு லொறி கொங்கிறீற் மூடிகளைக் கொண்டுவந்து கொட்டியது. கொட்டிய இடம் வீதிக்கரை. இருந்த கொஞ்ச இடமும் போய்விட்டது. வாய்க்காலில் அவற்றைப் பதிக்க ஆட்கள் இன்னும் வரவில்லை. இருட்டில் யாரும் மோதக்கூடாது என்று வாகீசன் அந்தக் குவியலுக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருக்கிறான். நாளைக்குத் திரும்பவும் கந்தோருக்குப் போகிறோம். ஆட்கள் வருமட்டும் போவோம்.

திங்கட்கிழமை தவணை தொடங்குகிறது. றொசாந்தியின் சைக்கிளுக்குக் காற்றடித்து எண்ணெய் விட்டாயிற்று. தாய் முன்னால், மகள் நடுவில், நான் பின்னால். யார் கோர்ன் அடித்தாலும் நாங்கள் இறங்கப் போவதில்லை.

பின்னால் வருகிறவர் யார் என்று எனக்குத் தெரியாது. இதை வாசிக்கிற நீங்களாகவும் இருக்கலாம். வானில் இருப்பீர்கள், அல்லது கந்தோரில் அந்த வேலைக்கு ஆள் அனுப்புகிற கதிரையில் இருப்பீர்கள். முடிவு உங்கள் கையில்தான் இருக்கிறது. அஞ்சலியின் கடைசி வரியை ஜஸ்ரின் அடித்தபடியே கீழே விட்டிருக்கிறேன். அதில் நான் ஒன்றும் எழுதமாட்டேன். தயவுசெய்து நீங்களும் எழுதாதீர்கள்.

தோற்றம்: 1986

மறைவு: ................