ஜென்மச் சனியும் வடகடல் எண்ணெயும்

கஜந்தினிக்குச் சாத்திரம் என்றாலே ஆகாது. தன் கல்யாணத்துக்குக் குறிப்புப் பார்க்கப் போன அம்மாவோடு சண்டை பிடித்து, மூன்று மாதம் வீட்டுப் பக்கமே போகாமல் இருந்தவள். அப்படிப்பட்டவள் 2016 தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், லண்டன் சிற்றியில் தன் அலுவலகத்தின் பின்படிக்கட்டில் நின்றுகொண்டு, கிங்ஸ்பரியில் இருக்கும் அம்மாவுக்கு ஃபோன் எடுத்தாள்.

"அம்மா, முகுந்துக்கு இப்ப ஜென்மச் சனியெல்லோ? இந்த நேரம் வீடு வாங்கினால் தங்காதாம். கோயில் ஐயரைக் கேட்டனான்."

ஐயரை அவள் கண்டு ஆறு மாதமிருக்கும்.

அம்மா நகுலேஸ்வரி, "நீயோ பிள்ளை இதைக் கதைக்கிறாய்?" என்றார். குரலில் பயத்தைவிடச் சந்தோஷம்தான் கூட.

"வெள்ளிக்கிழமை கையெழுத்து வைக்கப் போறான் அம்மா. எப்பிடியாவது மறியுங்கோ."

"நான் மறிக்கிறன். நீ யோசியாதை."

தம்பி முகுந்த், ஸ்கொட்லாந்துக்கு அப்பால் வடகடலின் நடுவே நிற்கும் எண்ணெய் மேடை ஒன்றில் கருவிகள் திருத்துகிறவன். இரண்டு கிழமை கடலில், மூன்று கிழமை லண்டனில். மனைவிக்கு ஏழு மாதம். பிள்ளை பிறக்க முன் வாடகை வீட்டை விட்டுவிட வேண்டும் என்று குட்மேய்ஸில் ஒரு வீடு பார்த்திருந்தான். அந்த வேலையை நம்பித்தான் வங்கி கடன் கொடுக்கிறது. கையெழுத்து வைத்துவிட்டால் முற்பணம் திரும்பி வராது.

அக்காவுக்கும் எண்ணெயில்தான் பிழைப்பு. கையில் மட்டும் ஒட்டாது. எண்ணெய் விலை எங்கே போகும் என்று கம்பனிகளுக்கு ஆலோசனை சொல்லும் இடத்தில் அவளுக்கு வேலை. ஒன்றரை வருஷத்துக்கு முன் நூற்றுப் பத்து டொலருக்கு விற்ற பீப்பாய் இப்போது முப்பதுக்கும் கீழே வந்துவிட்டது. "பெற்றோல் மலிஞ்சால் நல்லதுதானே பிள்ளை?" என்று பொங்கலன்று அம்மா கேட்டார். உலகத்தில் பாதிப் பேர் அப்படித்தான் நினைத்தார்கள்.

அது தானாக மலியவில்லை. 2014 கடைசியில், உற்பத்தி செய்யும் நாடுகளின் மந்திரிமார் வியன்னாவில் கூடினார்கள். விலை இறங்குகிறது, உற்பத்தியைக் குறைப்பார்கள் என்று பலரும் எதிர்பார்த்தார்கள். வளைகுடாப் பெரியவர்கள் குறைக்கமாட்டோம் என்றார்கள். அவர்களுக்கு ஒரு பீப்பாய் எடுக்கப் பத்து டொலர் போதும். அமெரிக்காவில் பாறையை உடைத்து எடுப்பவர்களுக்கும் வடகடல்காரர்களுக்கும் அதைப்போலப் பல மடங்கு வேண்டும். தாங்க முடியாதவன் பூட்டிவிட்டுப் போகட்டும், சந்தை நமக்கு மிஞ்சும் என்பதுதான் கணக்கு. இப்போது தடை நீங்கிய ஈரானும் தன் பங்கைக் கேட்டு வந்துகொண்டிருந்தது. பெரியவர்கள் மூச்சடக்கிப் போட்டி போட்டார்கள். மூச்சு முட்டியது முகுந்த் போன்றவர்களுக்கு. சனி முகுந்தின் ராசியான விருச்சிகத்துக்கு மாறியதும் அந்த வருஷக் கடைசியில்தான். இதை முன்பு யாராவது சொல்லியிருந்தால் கஜந்தினி சிரித்திருப்பாள்.

இன்னும் இரண்டு வருஷத்துக்கு விலை நிமிராது என்று அவள் தன் அறிக்கையில் எழுதினாள். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. வடகடல் கம்பனி ஒன்று வந்து, எங்கள் ஏழு மேடைகளில் எதையெதைப் பூட்டலாம் என்று கேட்டது. வேலையைத் தொடங்க முன் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அந்தக் கம்பனியில் உங்கள் உறவினர் யாரும் வேலை செய்கிறார்களா? அந்த ஏழில் ஒன்றில்தான் முகுந்துக்கு வேலை; ஆனால் சம்பளம் கொடுப்பது வேறொரு ஒப்பந்தக்காரர். அதைப் பிடித்துக்கொண்டு அவள் "இல்லை" என்று போட்டாள். பொய் என்று சொல்ல முடியாது. உண்மை என்றும் சொல்ல முடியாது. ஓம் என்றிருந்தால் வேலையை வேறு யாரிடமாவது கொடுத்திருப்பார்கள், அவர்களுக்கு முகுந்தைத் தெரியாதே என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள்.

எண்களுக்கு மட்டும் முகுந்தைத் தெரியுமா என்ன? பூட்ட வேண்டிய மூன்றில் இரண்டாவதாக அவனுடைய மேடை வந்தது. ஊகங்களை மாற்றி மாற்றிக் கணக்கை நாலு தரம் போட்டுப் பார்த்தாள். நாலாந்தரம் அது முதலாவதாக வந்தது.

ஆறு கிழமைக்குப் பிறகுதான் கம்பனி அறிவிக்கும். அதுவரை வெளியே ஒரு சொல் போனாலும் வேலை போவதோடு நிற்காது, வழக்கு வரும். அதனால்தான் பாவம் சனியைக் கூப்பிட வேண்டியதாயிற்று.

நகுலேஸ்வரி சொன்னபடி செய்தார். இரண்டு நாள் சாப்பிடவில்லை. அழுதார். மருமகளின் தாயையும் கூட்டுச் சேர்த்தார். வெள்ளிக்கிழமை முகுந்த் கையெழுத்து வைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எல்லாருக்கும் கிங்ஸ்பரியில் சாப்பாடு. மரக்கறிதான். சனி விலகும்வரை வீட்டில் மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் இல்லையாம். சனி விலக இன்னும் இரண்டு வருஷம் கிடந்தது.

சாப்பிட்டு முடிய, கஜந்தினி பின்வளவில் தனியே நின்றாள். முகுந்த் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

"அக்கா, நீ எப்ப தொடக்கம் சாத்திரம் பாக்கிறனீ?"

"அம்மா பாவம் எண்டு..."

"அம்மா தானா மறிச்சிருந்தால் நான் கையெழுத்து வைச்சிருப்பன். நீ சொன்னதெண்டு கேட்டாப் பிறகுதான் பயந்தனான்." அவன் குரலைத் தாழ்த்தினான். "எங்கட மேடையோ?"

இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவளால் முடியவில்லை. வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவனுக்கு அதுவே போதுமாயிருந்தது. மழையில் நனைந்திருந்த கதிரையில் அப்படியே உட்கார்ந்தான்.

"எப்ப?"

"கேக்காதை முகுந்த்."

தம்பியைக் காப்பாற்றினால் மனம் ஆறும் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தாள். ஆறவில்லை. வெட்கமாக இருந்தது.

அவனுடைய ஃபோனுக்கு ஒரு படம் வந்தது. பார்த்துவிட்டு அவளிடம் நீட்டினான். வெறுமையான ஒரு சின்ன அறை, புதிதாக மஞ்சள் பூசிய சுவர்.

"கிறெய்க். மேடையிலை என்னோடை ஒரே அறையிலை படுக்கிறவன். அவனுக்கும் பிள்ளை வரப்போகுது. புதன்கிழமை இந்த வீட்டுக்குக் கையெழுத்து வைக்கிறான்." நிமிர்ந்து பார்த்தான். "சொல்லட்டோ?"

"சொல்லாதை."

"அவனுக்கு மட்டும்."

"ஒருத்தனுக்குத் தெரிஞ்சால் மேடையிலை இருக்கிற நூற்றிருபது பேருக்கும் தெரியும். கடைசியிலை என்னிலைதான் வந்து நிக்கும். வழக்கெண்டு கோட்டுக்குப் போகவேணும் முகுந்த். ஏலாது."

அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"மேடையிலை நாங்கள் எல்லாரும் அரபுக்காரரைத்தான் ஏசுறனாங்கள்," என்றான்.

நகுலேஸ்வரி கதவைத் திறந்துகொண்டு விபூதித் தட்டோடு வந்தார். இரண்டு பேருக்கும் பூசிவிட்டார். "இவள் சொன்னபடியால் தப்பினம்," என்று மகளின் கன்னத்தைத் தடவினார். "இனியெண்டாலும் கோயிலுக்கு வா பிள்ளை." பால் அடுப்பில் இருக்கிறது என்று உள்ளே ஓடினார்.

ஃபோனுக்கு மறுபடியும் செய்தி வந்தது. வீடு எப்படியிருக்கிறது என்று கிறெய்க் கேட்டிருந்தான்.

"நல்ல வீடு எண்டு எழுதட்டோ அக்கா?"

கஜந்தினி அந்த மஞ்சள் சுவரை இன்னொரு தரம் பார்த்தாள்.

"எழுது," என்றாள்.